வாழ்வே சாட்சி
(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நூம்பலில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கிறிஸ்தவ விசுவாசத்தை வாழ்க்கையினால் பகிர்ந்துகொள்ளுதல் என்னும் பொருளில் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். இம்மன்றத்தில் கிறிஸ்தவரும் உள்ளனர். அம்மனுக்குக் கூழ் வார்ப்போரும் உள்ளனர். அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் புத்தரைப் பின்பற்றுவோரும், எம்மதமும் வேண்டா என்போரும் உள்ளனர். அனைவரும் நம்மவரே. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்வான். தம்பி ஆடியில் திருவேற்காட்டுக்கு நடந்து செல்வான். பொங்கலன்று இருவரும் ஒரே இலையில் உண்பர். இத்தகைய தெருவில் வாழ்பவர் விசுவாசத்தைக் குறித்துப் பேசுவதாயின் நாவை அடக்கியே பேசுதல் வேண்டும். ஏனெனில் இங்கே ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியில் நாம் சொல்லும் சொல்லைக் காட்டிலும், சம்பள நாளன்று எந்நேரத்தில் எந்நிலையில் வீடு திரும்பினோம் என்பதே அண்டை வீட்டாருக்கு நம் சமயத்தை அறிவிக்கின்றது.

ஆதலின், நாவினால் அன்றி வாழ்வினால் சாட்சி பகர்ந்தோர் யாவர், அவர்கள் எவ்வாறு அதனைச் செய்தனர் என்பதைச் சரித்திரத்தினின்று எடுத்துக்காட்டி, அதன்பின் நம் நூம்பலுக்கு வருவோம்.

முதலாவது, வடக்கே ஒரு மனிதர். பெயர் தித். இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த சியால்கோட்டு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலே, துப்புரவும் தோல் தொழிலும் சுமத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்; ஒரு கால் ஊனமுற்றவர்; ஊரூராய் நடந்து தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர்; எழுத்தறியாதவர். 1873ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மார்ட்டின் என்பவரிடம் வந்து ஞானஸ்நானம் வேண்டினார். அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்றவர் மிஷன் வளாகத்திலேயே தங்கி, அதன் நிழலில் பிழைப்பதே வழக்கமாயிருந்தது. தித் அதனை விரும்பவில்லை. தம் ஊருக்கே திரும்பிச் சென்று, தம் தொழிலையே செய்து, தம் மக்களிடையே வாழப்போவதாகக் கூறினார். மிஷனரி தயங்கினார், பின்பு இசைந்தார்.

ஊர் திரும்பியவரை உறவினர் ஏளனம் செய்தனர். உடன் உண்ண மறுத்தனர். அவர் ஊரை விட்டு ஓடவுமில்லை, உறவைப் பகைக்கவுமில்லை. சில திங்களுக்குள் தம் மனைவியையும் மகளையும் அயலார் இருவரையும் அழைத்துக்கொண்டு, முப்பது மைல் நடந்து, சியால்கோட்டுக்கு வந்தார். தோல் வாங்கச் சென்ற இடமெல்லாம் தம் மக்களோடு பேசினார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் அச்சமூகத்தாருள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவராயினர். இதற்கு மிஷன் வகுத்த திட்டம் ஏதுமில்லை. படித்தவரையும் உயர்குலத்தாரையும் நாடி நின்ற மிஷனரிகள் இம்மனிதர் செய்ததைக் கண்டு வியப்புற்றனர் என்பதே உண்மை. நொண்டிக்கொண்டே ஊர் திரும்பிய ஒரு தோல் வணிகர், கல்லூரிகள் செய்யாததைச் செய்து முடித்தார்.

இதனின்று நாம் கற்பது யாது? விசுவாசம் நம்மைத் தெருவிலிருந்து பிரித்தெடுத்து வேறிடத்தில் குடியமர்த்துமாயின், அதனைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருக்கமாட்டார் என்பதே. இவ்வுண்மை கல்விக்கும் பொருந்தும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை பெற்றுக் குடியிருப்புகளுக்குச் சென்ற நம் பிள்ளைகள் பலர் மீண்டும் தெருவை எட்டிப் பார்ப்பதில்லை. அவ்வாறன்றி, பணிமுடிந்து மாலையில் இங்கு வந்து, தகரக் கொட்டகையின் கீழ்க் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்த சிலர் இருந்தமையினாலேயே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கண்டது.

இரண்டாவது, நமக்கு அண்மையில் உள்ள ஒரு சரித்திரம். ஆந்திர நாட்டில் ஓங்கோல் வட்டாரத்தில் எர்ரகுண்ட்லா பெரய்யா என்னும் மாதிகர் ஒருவர் இருந்தார். அவரும் தோல் தொழிலாளியே. இளமையிலேயே மெய்ப்பொருளைத் தேடி, யோகம் கற்பிக்கும் குருமாரை அண்டி நின்றவர். 1866ஆம் ஆண்டு ஜான் கிளவ் என்னும் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரியிடம் அவரும் அவர் மனைவியாரும் திருமுழுக்குப் பெற்றனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் வாயிலாக 28 பேர் அவ்வழியில் சேர்ந்தனர். பெரய்யா படித்தவர் அல்லர். எனினும் அம்மக்கள் மேற்கொண்ட வாழ்க்கை ஊரையே அசைத்தது. செத்த மாட்டின் இறைச்சியை உண்ண மறுத்தனர். ஞாயிறன்று வேலைக்குச் செல்ல மறுத்தனர். ஊர்த் திருவிழாவில் கட்டாயமாகப் பறை அடிக்க மறுத்தனர்.

இங்கே இளைஞர்க்கு ஒரு சொல். இன்று நம் பிள்ளைகள் பறையை நம் கலையென்று பெருமையுடன் மேடையில் ஏற்றுகின்றனர், அது நன்றே. அன்று மறுக்கப்பட்டது இசையன்று, அடிமை ஊழியம். விருப்பத்தோடு அடிப்பதும் கட்டளைக்கு அஞ்சி அடிப்பதும் ஒன்றாகா. அவ்வூழியத்தை மறுத்தமைக்காகக் கிணற்று வழி அவர்களுக்கு அடைக்கப்பட்டது, கூலி மறுக்கப்பட்டது. அவர்கள் பின்வாங்கவில்லை. அண்டை ஊர்களிலிருந்த அவர்தம் உறவினர், இவர்களுக்கு இவ்வுறுதி எங்கிருந்து வந்தது என்று வினவத் தலைப்பட்டனர். அவ்வினாவே பிரசங்கமாயிற்று.

பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சம் வந்தது. சென்னைக்கு வடக்கே பக்கிங்காம் கால்வாயை வெட்டும் பணியை அரசு பஞ்ச நிவாரண வேலையாக நடத்திற்று. நில அளவைப் பயிற்சியுடைய கிளவ், அக்கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை ஒப்பந்தத்திற்கு எடுத்து, பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலை தந்தார். மேற்பார்வை செய்தவர்கள் பெரய்யா முதலிய அவர்தம் துணையாளர்கள். மண் சுமந்தோர் உட்கார்ந்து இளைப்பாறும் வேளையில் அருகமர்ந்து ஆறுதல் கூறினர். ஆயிரக்கணக்கானோர் அவர்களோடு சேர விரும்பினர்.

அவ்வேளையில் அவர் செய்ததே நாம் மறவாது போற்றத்தக்கது. பஞ்சம் நீங்கும்வரை ஒருவருக்கும் திருமுழுக்கு இல்லையென ஓராண்டுக்கு மேலாகக் கதவை அடைத்து வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்னும் சொல் அம்மக்கள்மேல் விழலாகாது என்பதே அதற்குக் காரணம். வேலையும் கஞ்சியும் யாவருக்கும் தரப்பட்டன. அவற்றுக்கு ஈடாக விசுவாசம் கேட்கப்படவில்லை. பஞ்சப் பணி முடிந்து, இனி உதவி ஏதும் இல்லையென்று அறிவித்த பின்னரும் மக்கள் வந்தனர். 1878ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். நம் ஊர் வழியே ஓடும் கூவம், நகருக்குள் சென்று சந்திப்பது அதே பக்கிங்காம் கால்வாயைத்தான். இன்று அதன் நீர் கறுத்துக் கிடக்கின்றது. எனினும் அதன் கரையை வெட்டியவர்கள் கூலிக்காகத் தம் மனச்சாட்சியை விற்கவில்லை என்பதை அவ்வழியே செல்லும்போது நினைவுகூர்வோமாக.

மூன்றாவது, நம் சொந்தச் செங்கற்பட்டுச் சீமை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்டத்தின் சேரிகள் எந்நிலையில் இருந்தன? குடியிருக்கும் மனைகூட மிராசுதாரருக்குச் சொந்தம்; எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டும்; தந்தை வாங்கிய கடனுக்கு மகன் படியாளாய் உழைக்க வேண்டும். செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்துலாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகிய இருவரும் இந்நிலையைக் கண்டு, பிரசங்கம் மட்டும் போதாதென்று உணர்ந்தனர். தரிசு நிலத்தை உழைப்பவர்க்கு வழங்குமாறு அதிகாரிகளிடம் மன்றாடினர், செய்தித்தாள்களில் எழுதினர். மாவட்ட ஆட்சியராய்ப் பொறுப்பு வகித்த ட்ரெமென்கீர் இம்மாவட்டத்துப் பறையர் நிலையைக் குறித்து அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்திற்கு அடிப்படை. ஆண்ட்ரூ உருவாக்கிய மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றம் சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்து இன்றும் அப்பெயரோடு விளங்குகின்றது.

அந்நிலங்கள் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியன அல்ல. தாழ்த்தப்பட்டோர் யாவராயினும், எத்தெய்வத்தை வணங்குவோராயினும், அவர்க்கு உரியன. அயலான் பசியைத் தன் பசியாகக் கருதி உழைத்தபோது, விசுவாசம் சட்டத்தின் வடிவிலும் வெளிப்பட்டது. அந்நிலங்களிற் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றதும், அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994இல் செங்கற்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதும் நீங்கள் அறிந்தவையே. ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை. நிலத்திற்காக நின்றபோது பெயர் இருவரையும் பிரிக்கவில்லை. இச்சங்கத்தின் வருகைப் பதிவேட்டிலும் அவ்விரு வகைப் பெயர்களும் அடுத்தடுத்தே எழுதப்பட்டிருக்கின்றன.

நண்பர்களே, புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. வாழ்க்கை சாட்சி பகரும் என்பது உண்மையாயின், தீய வாழ்க்கையும் சாட்சி பகரும். திருச்சபைக்குள்ளேயே சாதி குடிபுகுந்த கதை பழையது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென ஆணை பிறப்பித்தார். பலர் சபையை விட்டு விலகினரேயன்றிச் சாதியை விட்டு விலகவில்லை. அவ்வாணைக்குப் பின் 175 ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சுத் திங்களில், விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே திருப்பலியில் பங்குகொள்வோர் ஒரே கல்லறைத் தோட்டத்தில் உறங்க மறுக்கும் ஊர்கள் இன்னும் உள்ளன. இவற்றைக் காணும் பிற சமயத்தவர்க்கு எந்தத் துண்டுப் பிரசுரம் நற்செய்தியை விளக்கவல்லது?

இன்னொரு பொருளையும் பேசாது விடுதல் தகாது. மிகுந்த வேதனையோடுதான் அதனைத் தொடுகின்றோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்னும் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டுமே வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராகிய தலித்துகள் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஞானஸ்நானம் பெற்றதனால் தெருவின் பெயர் மாறவில்லை. ஊரார் பார்வை மாறவில்லை. சலுகை மட்டும் மாறிற்று. ஆதலின் நம் இல்லங்களில் பிள்ளைக்கு இரண்டு பெயர்கள். சான்றிதழில் ஒன்று, ஆலயப் பதிவேட்டில் மற்றொன்று. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வழக்கில், கிறிஸ்தவ வழிபாட்டில் நிலைத்திருந்துகொண்டே இந்துப் பட்டியல் சாதிச் சான்று கோருதல் ஏற்கத்தக்கதன்று என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாழ்வினால் சாட்சி என்னும் தலைப்பை எளிதில் மேடையில் பேசிவிடலாம். ஆயின் கல்லூரி விண்ணப்பத்தின்முன் பேனாவோடு அமர்ந்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதனைச் சொல்லும்போது நம் நா குழறுகின்றது. உண்மையை எழுதினால் இடம் போகும். மறைத்து எழுதினால் மனம் நோகும். அப்பிள்ளையைக் கோழை என்று பழிக்கும் உரிமை, அவ்விலையை ஒருபோதும் செலுத்த நேராதவர்க்கு இல்லை. பொய்யை நியாயம் என்று யாம் சொல்லவும் மாட்டோம். யாம் சொல்லுவது இதுதான்: உண்மை பேசுவதற்கு இத்துணைப் பெரிய விலையை ஒரு சிறு பிள்ளையின் தோள்மேல் சுமத்துவது அநீதி. அவ்வநீதியை நீக்கப் போராடுதல் பெரியோர் கடமை. 2022இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதனை ஆராய ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்க்கு இவ்வுரிமை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிற்று. அத்தீர்மானம் சட்டமாகும்வரை, உண்மையை எழுதி இடமிழக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நம்மில் நால்வர் கூடிச் செலுத்த முன்வருவோமாயின், அது ஆயிரம் உபதேசத்திற்கு நிகர்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். எம் நினைவில் ஒரு தாயார் இருக்கின்றார், பெயர் வேண்டா. கட்டட வேலையில் சித்தாளாய் உழைத்தவர், கைம்பெண், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். ஒரு சனிக்கிழமை மேஸ்திரி தவறுதலாக ஐம்பது ரூபாய் மிகுதியாக எண்ணிக் கொடுத்துவிட்டார். அவர் பேருந்து நிறுத்தம் வரை வந்தவர் திரும்பிச் சென்று கொடுத்தார். "வச்சிக்கிட்டிருந்தா எனக்குத் தெரியப்போவுதாம்மா?" என்று மேஸ்திரி கேட்க, "எனக்குத் தெரியுமே ஐயா" என்றார். அவ்வளவே அவருடைய பிரசங்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, வீட்டில் இருந்த அரிசியை ஒரே பானையில் கஞ்சியாகக் காய்ச்சி, தெருவோரத்தில் வைத்து யாவருக்கும் வார்த்தார். அப்பானையினின்று குடித்தவர்களுள், முன்பு தம் கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்திருந்த ஒருவரும் இருந்தார். தாயார் அதனை நினைவூட்டவில்லை, முகத்தில் காட்டவுமில்லை. அம்மனிதர் ஆலயத்திற்கு வரவில்லை. வரவேண்டுமென்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் அடுத்த ஆண்டு முதல் அம்மனிதரின் மகள் நம் மாலைப் பள்ளியில், நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து படித்தாள்.

இயேசு பெருமான் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார் என்பதை யாவரும் அறிவர். உப்பு, சோற்றில் தன்னைக் கரைத்துக்கொள்கின்றது. உண்பவர் சோறு நன்று என்பர். உப்பு நன்று என்று எவரும் சொல்வதில்லை. குறைந்தால் மட்டுமே அதனை நினைப்பர். கூடினாலோ, இலையைத் தள்ளிவிடுவர். சமயத்தைப் பகிர்வோர் இவ்விரண்டையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஆதலின், விசுவாசிகளாகிய நாம் இவ்வெள்ளி விழாவில் சில உறுதிகளை மேற்கொள்ளலாகாதா? மாலைப் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் அதன் சமயத்தைக் கேட்பதில்லை. இலவசப் புத்தகத்தின் உள்ளே வேறெதனையும் மடித்துக் கொடுப்பதில்லை. மதமாற்றத் தடைச் சட்டம் 2002இல் இம்மாநிலத்தில் வந்து பின்னர் நீக்கப்பட்டது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், ஏழையின் தேவையை விலையாக்குதல் கிளவ் அடைத்த கதவை நாம் திறப்பதாகும். நம் ஆண்மக்கள் சம்பளப் பணத்தை மதுக்கடைக்குக் கொண்டுசெல்லாது மனைவியின் கையில் கொடுத்தல் வேண்டும். மகனுக்குப் பெண் எடுக்கையில் வரதட்சணை கேளாதிருத்தல் வேண்டும். மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாதிருத்தல் வேண்டும். நமக்குள்ளேயே உட்பிரிவு பேசி, துப்புரவுத் தொழில் செய்யும் அருந்ததியச் சகோதரர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் இழிநிலையை இன்றோடு விட்டொழித்தல் வேண்டும். இக்கடைசி ஒன்றைச் செய்யாதவரையில், நம்மைத் தீண்டாதவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

பிற சமயத்துச் சகோதரர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். எம்மை எம் ஆலய மணியால் மதிப்பிடாதீர்கள். எம் நடையால் மதிப்பிடுங்கள். எம்மிடத்தில் குறை கண்டால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். உங்கள் இல்லங்களிலும் அன்பும் நீதியும் கண்டபோதெல்லாம் யாம் கற்றுக்கொண்டோம் என்பதையும் மறைக்கமாட்டோம். பகிர்தல் என்பது கொடுப்பதோடு நில்லாது. பெறுதலும் அதனுள் அடங்கும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் இச்சங்கம் தொடங்கியபோது சுற்றிலும் வயல்கள் இருந்தன. இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. புதிதாய்க் குடிவந்தோர்க்கு நம் பழைய வரலாறு தெரியாது. நம்மை அவர்கள் முதன்முதலாகக் காணப்போகின்றனர். அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் நம் சகோதரி, காவல் நிற்கும் நம் மூத்தவர், அங்கே கணினியின்முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளை ஆகியோரே அவர்கள் வாசிக்கப்போகும் வேதாகமம். அதில் எழுத்துப் பிழை இன்றி இருக்க இறைவன் அருள்வாராக.